வெள்ளிக்கிழமை திறந்த மீன் சாப்பாட்டுக்கடை

1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணிக்கு அப்பா, அம்மா, நான் என மூவரும் அந்த மேசையில் அமர்ந்தோம். கிண்ணியாவைச் சேர்ந்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் ஒருவர் தம் மீன்பிடி வள்ளத்தை விற்றுத் துறைமுகக் கரையில் தொடங்கிய மீன் சாப்பாட்டுக்கடை அது. ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு திறந்தால் பரக்கத்தும் நல்லருளும் உண்டாகும் என்று அவரே நாள் குறித்திருந்தார். கடைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அப்பா. ஆகவே முதற் சாப்பாடு எங்களுக்கே என்பது நானாவின் பிடிவாதம். அப்பா சம்மதித்திருந்தார். அம்மாவிடம் கடைத்திறப்பு என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நண்டுக் கறியும் பொரித்த கணவாயும் மேசைக்கு வந்தன. அம்மா கதிரையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை?"

அப்பா நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளி," என்றார் மெதுவாக.

"வெறும் வெள்ளியே? ஆடி வெள்ளி!"

நானாவின் முகம் வெளுத்தது. கடற்கரையில் மீனைக் காசு கொடுத்து யார் தின்பார் என்று சிரித்தவர்கள் வாசலில் கூடி நின்றார்கள். முதல் மேசை உண்ணாமல் எழுந்தால் அவர்களும் திரும்பிவிடுவார்கள்.

"எனக்கு ஞாபகமே வரல்லையே அம்மா. எழும்பிப் போயிராதீங்க," என்று நானா அம்மாவிடம் கெஞ்சினார்.

"ஆர் எழும்பினது? அந்த அலுமாரித் தட்டில தயிர்ச்சட்டி இருக்கெல்லோ, அதைக் கொண்டாங்கோ. வாழையிலையும் வெட்டுங்கோ."

இவ்வாறு அந்தக் கடையின் முதற் சாப்பாடு சோறும் எருமைத் தயிருமாயிற்று.

"நானா, இது மீன் கடையோ, அன்னதான மடமோ?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

சிரிப்பு அடங்குமுன், துறைமுகத்தில் நின்ற கிரேக்கக் கப்பலின் மாலுமிகள் நால்வர் உள்ளே வந்தனர். எங்கள் தயிரைச் சுட்டினர், கணவாயைச் சுட்டினர், இரண்டையும் ஒன்றாகக் கேட்டனர். அப்பா என்னைப் பார்த்தார். நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பவள். ஆயினும் அந்நியரோடு பேசிப் பழகியவள் அல்லேன்.

"மீனோட தயிரா? தேமல் வரும் எண்டு சொல்லுங்க தங்கச்சி!" என்றார் நானா.

சொன்னேன். முதிய மாலுமி வெயிலிற் கறுத்த தம் கன்னங்களை இரு பக்கமும் திருப்பிக் காட்டினார். பிள்ளைப் பருவம் தொட்டு இப்படித்தான் உண்கிறாராம். தேசிக்காயைப் பிழிந்து, கணவாயைத் தயிரில் தோய்த்து வாயிலிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். அந்த அதிசயத்தைப் பார்க்க வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள், வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குள் நண்டுச் சட்டி வெறுமையாயிற்று.

"அம்மாட கை ராசியான கை," என்றார் நானா.

"ஓம், இனி வெள்ளியில கூப்பிடாதேங்கோ."

மறுநாட் காலை, கடை திறக்குமுன்பே அப்பாவும் நானும் போய் நின்றோம். நானா குசினி அடுப்பின் பக்கம் திரும்பிய வேளையில், நான் நண்டை அப்பாவிடம் விட்டுவிட்டு, ஒரு துண்டுக் கணவாயைத் தயிரில் தோய்த்து வாயிலிட்டேன்.