மார்லிஸ் எழுந்த ஆட்டம்

வெண்டல் ஸ்டட்ஸ்மனைப் போல ஒரு கூடைப்பந்துப் பைத்தியம் தெற்கு இண்டியானாவில் வேறு யாருமில்லை என்று சொன்னால், அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். வரட்டும். சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பத்தெட்டு வருடம் ரம்பம் ஓட்டியவன். இரண்டு விரல் நுனிகளையும் இடது காதின் கேட்கும் திறனையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அதற்காக அவன் வருந்தி நான் பார்த்ததில்லை. கிளிஃப்டி கல்லூரி தோற்றால் மட்டும் மூன்று நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான்.

நான் லாய்ட். அவனுடைய எதிர்வீடு. இந்த ஊரில் முப்பது வருடம் தபால் கொடுத்தவன். அவனுக்கு நான் சிநேகிதனா, வேறு ஆள் கிடைக்காததால் வாய்த்தவனா என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்டம் பார்ப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு வானொலியைத் திருப்பிவைப்போம். தொலைக்காட்சியில் பேசுகிறவன் எங்கிருந்தோ வந்தவன், இரண்டு பக்கத்துக்கும் நல்லவன். வானொலியில் பேசிய பக் ஓவர்ஹோல்ட் நம் ஆள். நடுவர் தப்புப் பண்ணினால் நமக்கு முன்னால் அவர் கொதிப்பார். பழைய ஆட்டங்களையும் வெண்டல் அப்படித்தான் பார்த்தான். படத்துக்கு வீடியோ கேசட், குரலுக்கு நான் அந்தக் காலத்தில் வானொலியிலிருந்து பதிவு செய்து கொடுத்த ஒலிநாடா. நடுவர் பந்தை மேலே எறியும் அதே நொடியில் ஒலிநாடாவின் பொத்தானை அழுத்துவான். பக் செத்துப் பதினேழு வருடம் ஆகிறது. அவர் குரல் மட்டும் சனிக்கிழமை தவறாமல் அந்த வீட்டில் கேட்கும்.

எல்லா ஆட்டத்தையும் சேர்ந்து பார்ப்போம். ஒன்றை மட்டும் அவன் தனியாகத்தான் பார்ப்பான், எப்போதாவது என்னைக் கூப்பிடுவான். எண்பத்துநான்காம் வருடம் மார்ச் மாதம் நடந்த இறுதி ஆட்டம் அது. கிளிஃப்டி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. இரண்டு வினாடி பாக்கி. எங்கள் பையன் டென்னி காவனாவுக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடையில் வீச ஒரு வாய்ப்பு, விழுந்தால் ஒரு புள்ளி. பந்து வளையத்தில் இரண்டு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. ஆட்டம் சமன். கூடுதல் ஐந்து நிமிடத்தில் நாங்கள் மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.

அந்தக் கூடைக்குப் பின்னால் நான்காவது வரிசையில் வெண்டலின் மனைவி மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த மஞ்சள் கோட்டு. வெண்டலுக்கு அன்று குவாரியில் வேலை. அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி ஓர் ஆட்டத்தில், சாலை நெரிசலுக்குப் பயந்து அவள் முன்னாலேயே எழுந்து வந்துவிட்டாள். கடைசி எட்டு வினாடியில் கிளிஃப்டி தோற்றது. "இவ எந்திரிச்சா, நாம கவுந்தோம்" என்று வெண்டல் ஒரு வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். தேவாலயத்தில் சொன்னான், பெட்ரோல் பங்கில் சொன்னான். "இந்த வருஷம் பெஞ்சோட கட்டிப்போட்டுடலாமா மார்லிஸ்?" என்று தபால் கொடுக்கும்போது நானும் கேட்டேன். அவளும் சிரித்தாள்.

அதனால் எண்பத்துநான்கில் அவள் எழவில்லை. கூடுதல் நேரமும் பார்த்தாள், பிறகு பையன்கள் ஏணி போட்டு, ஜெயித்தவர்கள் வழக்கப்படி கூடையின் வலையை வெட்டி எடுக்கும் வரைக்கும் நின்றாள். வெளியே அதற்குள் பெய்த மழை சாலையில் உறைந்துவிட்டது. டென்னி வீசுவதற்கு முன் கிளம்பியவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மார்லிஸின் கார் ஆற்றுப்பாலத்தில் வழுக்கிவிட்டது.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெண்டல் தொலைபேசியில் கூப்பிட்டான். "லாய்ட், கொஞ்சம் வந்துட்டுப் போடா. எனக்குப் புத்தி சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"அதுக்கு வரவேண்டியதில்லடா. இங்கருந்தே சொல்லிடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. போனேன். அடுப்பில் பீன்ஸ் சூப், தட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. எதையும் அவன் தொட்டிருக்கவில்லை. அந்த எண்பத்துநான்காம் வருட நாடாவை ஓட்டினான். டென்னி ஃப்ரீ த்ரோ வீசும் இடத்தில் வந்து நின்றான். கூடைக்குப் பின்னால் மார்லிஸ். மஞ்சள் கோட்டு மடியில் இல்லை, தோளில் போர்த்தியிருந்தது.

"நாடா தேஞ்சுபோச்சு. நிறம் கலங்குது" என்றேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் பட்டது.

"தேஞ்சா கோட்டு நகருமாடா?"

அடுத்த சனிக்கிழமை அவளுடைய ஒரு கை கோட்டுக்குள் இருந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு கையும். பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள், குனிந்து, அவசரமில்லாமல். சுற்றிலும் ஆயிரம் பேர் அதே இடத்தில் அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் ஒருத்திதான் மாறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் போட்டேன், மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

"அவ கிளம்பப் பாக்குறா" என்றான் வெண்டல், நான்காவது சனிக்கிழமை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பா. டென்னி தவறவிட்டா போதும், லாய்ட். ஆட்டம் முடிஞ்சுடும். அவ போயிடுவா."

"டேய், நடந்து நாப்பது வருஷமாச்சு. டென்னிக்கே இப்போ பேரன் இருக்கான்."

"தெரியும். நீ பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். பக் பேசினார். அதே வார்த்தைகள், அதே இருமல். இரண்டு வினாடி பாக்கி. டென்னி வீசும் இடத்துக்கு வந்தான். மார்லிஸ் இடத்தில் இல்லை. கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, பக்கத்துப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது.

பக் பேச்சை நிறுத்தினார். ஃப்ரீ த்ரோ என்றால் அவர் எப்போதும் மூச்சு விடாமல் நிற்பார். அந்த அமைதியில் ஒலிநாடாவில் ஒரு சத்தம் கேட்டது. மரப்படியில் செருப்புக் குதிகால் வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. அந்த நாடாவைப் பதிவு செய்தவன் நான். அதில் அது இருந்ததில்லை.

"போம்மா" என்றான் வெண்டல், தொலைக்காட்சியின் முன்னால் மண்டியிட்டு. "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் சொல்லமாட்டேன். போ. டென்னி, வெளிய போடுடா தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தன் வாழ்நாளில் அவன் கிளிஃப்டிக்கு எதிராகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

டென்னி வீசினான். பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு மேலே துள்ளியது. இறங்கி மறுபடியும் துள்ளியது. அந்த இரண்டாவது துள்ளலில்தான் அது எப்போதும் உள்ளே விழும். விழவில்லை. மூன்றாவது தடவை துள்ளி, விளிம்பில் உருள ஆரம்பித்தது, மெதுவாக, வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு. மார்லிஸ் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். கதவின் கைப்பிடியில் அவள் கை இருந்தது.

"விழுடா" என்று கத்தினான் வெண்டல்.

அவன் கத்தவேண்டும் என்று கத்தவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். எட்டு வயதிலிருந்து பந்து விளிம்பில் நின்றபோதெல்லாம் கத்திய வாய் அது, தானாகவே கத்திவிட்டது. கையைக்கூட மேலே தூக்கியிருந்தான்.

பந்து நின்றது. உள்பக்கம் சாய்ந்தது. விழுந்தது.

பக் ஆனந்தத்தில் அலறினார். கூட்டம் குதித்தது. மார்லிஸ் கதவிலிருந்து கையை எடுத்துத் திரும்பினாள். படத்தில் எப்போதும் ஆட்டத்தையே பார்க்கும் அவள் முகம், இப்போது எங்கள் இருவரையும் பார்த்தது. கோபம் இல்லை. கூப்பிட்டீர்களா, சரி வருகிறேன் என்பது போல ஒரு தலையசைப்பு. படியிறங்கி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள்.

வெண்டல் தூக்கிய கையை இறக்கவே இல்லை. நான்தான் பிடித்து இறக்கினேன். என் தொண்டை எரிந்தது. அப்போதுதான் தெரிந்தது, கத்தியது அவன் மட்டுமில்லை.