தோளில் இரண்டு கட்சிகள்

நான் பயங்கரத் துணிச்சல்காரன் என்று எங்கள் ஊரான காஜா பெராங்கில் ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் துணிச்சல் வேண்டுமே.

ஜப்பான்காரன் ஆட்சியில் அங்கே சாலையோரம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். சவரம் செய்யும்போது வந்தவர் தோளில் ஒரு தாளைப் போட்டு, கத்தியில் சேரும் நுரையை அதில் வழிப்பது எங்கள் வழக்கம். சண்டைக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைகளைச் சதுரமாகக் கிழித்து ஆணியில் குத்தி வைத்திருப்பேன். சும்மா இருக்கும்போது அவற்றை வாசிப்பேன். தோளில் போடும்போது மட்டும் எந்தத் தாள் என்று பார்ப்பதில்லை.

ஒரு காலையில் அரிசிப் பங்கீட்டைக் கவனிக்கும் ஜப்பான் அதிகாரி வந்து நாற்காலியில் சாய்ந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளராக, பக்கத்து மளிகைக்கடை பாய். மாலை வகுப்பில் ஜப்பான் பாஷை படித்து வகையாக மாட்டிக்கொண்டவர்.

வலது கன்னத்தை முடித்து நுரையை வழித்தேன். அதிகாரி தோளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தாளில் இரண்டு படங்கள். ஒருவர் வெள்ளைக்காரர், அவர் சுத்தமாக இருந்தார். இன்னொருவர் ஜப்பான்காரர், நுரை முழுக்க அவர் மூஞ்சியில்.

அவசரமாகத் துடைத்தேன். மூஞ்சி நன்றாகவே கலைந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்குன்னு கேக்குறாரு," என்றார் பாய்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்களேன் பாய்."

"கண்ணாடி எடுத்துட்டு வரலையே தம்பி," என்றார், மூக்கிலிருந்த கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

கத்தி என் கையில்; கழுத்து அவருடையது. ஆனாலும் என் கழுத்துதான் கூசியது. தோல் வாரில் கத்தியைத் தீட்டினேன், தீட்டினேன், காற்றையே சவரம் செய்யலாம் என்ற அளவுக்குத் தீட்டினேன். நல்ல பொய் ஒன்று சொல்லக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். எனக்கு அது கிடைக்கவில்லை. 'தூவான்' என்ற மலாய் மரியாதையோடு வாயில் உண்மைதான் வந்தது.

"இங்கிலாந்துல ஒரு பழமைவாதக் கட்சி, தூவான். உங்க நாட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு எழுதியிருக்கான். அங்க ராஜாவுக்கு விசுவாசம், உங்க பக்கம் சக்கரவர்த்திக்கு. ரெண்டு கட்சியுமே நிலக்காரன் பக்கம். வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. அரிசி விலை இறங்கக் கூடாதுன்னு உங்காளுங்க கூடுதலா சொன்னாங்களாம்."

"அரிசியை ஏன்டா இழுக்குற?" என்று பாய் பல்லைக் கடித்தார். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நேரம். ஆனால் மொழிபெயர்த்துவிட்டார். அவருக்கும் பொய் சொல்ல நேரமில்லை.

அதிகாரி ஏதோ கேட்டார்.

"அப்ப வித்தியாசமே இல்லியான்னு கேக்குறாரு. தம்பி, இல்லைன்னு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

என் நாக்கு அவருக்குக் கட்டுப்படவில்லை. "ஒண்ணு இருக்கு. அவங்க தோத்தா எதிர் பெஞ்சுல உக்காந்து கத்துவாங்க. உங்காளுங்க தோக்காமலே கடையை மூடிட்டாங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் பாஷையில் சொன்னார். கடையில் ஈ பறந்த சத்தம் கேட்டது. அது ஈயா, என் காதா என்று இன்றுவரை தெரியாது.

அதிகாரி சிரித்தார். அரைக் கன்னம் நுரையோடு, நாற்காலி ஆடச் சிரித்தார். அவருடைய அப்பா அந்தக் கட்சிக்காக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவராம். கட்சியைக் கலைத்த அன்று, இதே வார்த்தையைச் சொல்லித் தொப்பியைக் கழற்றி எறிந்தாராம். பிறகு அவரே என் கிண்ணத்திலிருந்து பிரஷை எடுத்து, வெள்ளைக்காரர் படத்திலும் நுரை பூசினார்.

"இப்ப சரிசமமாம்," என்றார் பாய். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

இடது கன்னத்தை ஒரு கீறல் இல்லாமல் முடித்தேன். அவர் போனதும் என் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இருந்தது!

சாயங்காலத்துக்குள் கதை பரவிவிட்டது. மறுநாள் பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்தெல்லாம் சைக்கிள் மிதித்து வந்தார்கள். ஒவ்வொருவரும் நாற்காலியில் சாய்ந்து, "அந்த ரெண்டு கட்சியைச் சொல்லு," என்றார்கள். சொன்னேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் இன்னும் கொஞ்சம் கம்பீரமானது.

பாயும் வந்தார். உட்காரும் முன்பே ஆணியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, தைல விளம்பரம் ஒன்றை உருவித் தம் தோளில் தாமே போட்டுக்கொண்டார்.