ஊசியை எடுக்க ஓர் ஆள்

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை நிறுத்தும்படி உத்தரவு வந்தது.

உத்தரவு போட்டவர் என் வீட்டுக்காரர். உள்ளே துணி நுரையும் தண்ணியுமாக நிற்கிறது. "இன்னும் பத்து நிமிஷம்தான்னா" என்றேன். "ஸ்பின் ஆரம்பிச்சா தரை அதிரும். ஊசி குதிக்கும். நம்ம வச்சு வர நேரம்" என்றார்.

நிறுத்தினேன். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் எதற்கெல்லாமோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஓர் ஊசிக்காக விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். எங்கள் செம்பூர் ஃபிளாட்டில் இப்போது ஒரு ரெக்கார்ட் பிளேயர் குடியிருக்கிறது. ஹாலில் நல்ல இடம் அதற்கு. நான் எழுதுகிற மேஜை பால்கனிக்குப் போய்விட்டது. கொஞ்ச நாளாக இந்தப் பத்தியில் புறா வாடை அடித்தால் காரணம் அதுதான்.

ஓய்வு பெற்றதும் சிலர் வாக்கிங் போவார்கள். சிலர் சொசைட்டி கமிட்டியில் சேர்ந்து தண்ணீர் டாங்கைப் பற்றிச் சண்டை போடுவார்கள். இவர் எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஓடவில்லை. தாராவியில் மிக்ஸி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்து பாய். அவரிடம் போனோம்.

பாய் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சார், மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க. பாட்டு கேக்கதுக்குத்தான் போன் இருக்கே... என்னத்துக்கு இந்த மல்லுக்கட்டு?"

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

"ஒரே ஒரு பாட்டுக்காக, பாய்" என்றார் இவர்.

"அந்தப் பாட்டு போன்ல இல்லியா?"

"இருக்கு."

பாய் என் பக்கம் திரும்பினார். "யக்கா, ஒங்களுக்காவது வெளங்குதா?"

"விளங்கறது பாய்" என்றேன். விளங்கியதுதான் என் சங்கடமே. அதைப் பிறகு சொல்கிறேன்.

மல்லுக்கட்டு என்று பாய் சொன்னது கொஞ்சம்கூட மிகையில்லை. ரெக்கார்டை உறையிலிருந்து விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். மேலே விரல் படக் கூடாது. மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் நாலு வாரம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சை பூத்துவிடும். தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? பிளேயரின் காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருக வேண்டும். டிராம்பே பக்கம் போகிற டாங்கர் லாரி தெருவில் வந்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் வீட்டுக் குழந்தைகள் ஸ்கிப்பிங் ஆடக் கூடாது... என் வாஷிங் மெஷின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

இத்தனைக்கும் பிறகு பாட்டு எவ்வளவு நேரம்? மூன்றே கால் நிமிஷம். முடிந்ததும் யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் கடைசி வட்டத்திலேயே சுற்றிக்கொண்டு சர்க்... சர்க்... என்று தேய்ந்துகொண்டிருக்கும்.

சரி, கேட்பதற்காவது நன்றாக இருக்கிறதா? "ஒரு வார்ம்த் இருக்கு, தெரியறதா?" என்பார் இவர். பிளேயரைத் தொட்டுப் பார்த்தேன். வார்மாகத்தான் இருந்தது. மற்றபடி என் காதுக்கு வித்தியாசம் எதுவும் பிடிபடவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது அந்த ஒரே ஒரு பாட்டு.

மாட்டுங்காவில் என் மாமனாரிடம் ஒரு மரப்பெட்டி நிறைய ரெக்கார்ட் இருந்தது. அதில் ஒரு சினிமாப் பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த நிமிஷமே போனில் தேடப் போவீர்கள், மிச்சத்தைப் படிக்க மாட்டீர்கள். அந்த ரெக்கார்டில் ஒரு கீறல். இரண்டாவது சரணத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். இரண்டே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். மாமனார் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். "வச்சூ... ஊசி!" என்று குரல் கொடுப்பார்.

வச்சு என்பது வத்சலா. இவருடைய தங்கை, என் நாத்தனார். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவாள். தலை பின்னிக்கொண்டிருந்தால் பாதிப் பின்னலோடு. ஒற்றை விரலால் லேசாகத் தட்டுவாள். ஊசி குதித்து ஒரு வரியைத் தாண்டி விழும். பாட்டு மேலே போகும்.

ஆகையால் அந்த வீட்டில் அந்தப் பாட்டுக்கு ஒரு வரி கிடையாது. சமையலறையில் முணுமுணுத்தாலும் சரி, கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாடினாலும் சரி, அந்த வரியைத் தாண்டித்தான் பாடுவார்கள். நான் மாட்டுப்பெண்ணாகப் போன புதிதில், ரேடியோவில் கேட்டுப் பழகிய ஞாபகத்தில் முழுப் பாட்டையும் கூடவே பாடிவிட்டேன். எல்லோரும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "மன்னி, அந்த வரி நம்மாத்துல கிடையாது" என்றாள் வத்சலா. ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து நானும் தாண்டக் கற்றுக்கொண்டேன்.

மாமனார் காலமானார். ஆறு வருஷம் முன்னால் மாட்டுங்கா கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் காலி செய்தாக வேண்டும். பிளேயர் எப்போதோ உடைந்துபோயிருந்தது. செம்பூரிலோ பீரோவுக்கே இடமில்லை. ரெக்கார்ட் பெட்டி ரத்திக்காரனிடம் போயிற்று. பழைய பேப்பர்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

மறுநாள் சயானிலிருந்து வத்சலா ஒரு டாக்ஸியோடு வந்து நின்றாள். "அப்பாவோட பெட்டியை எடுத்துண்டு போக வந்தேன். எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். "நான்தான் போட்டுட்டேன். எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கேடீ."

வத்சலா வந்த டாக்ஸியிலேயே திரும்பிப் போனாள். அதோடு அண்ணாவுடன் பேச்சு நின்றது.

என்னோடு பேசுவாள். வாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "மன்னி, இந்த வாரம் கொஞ்சம் வளவள" என்று போன் செய்கிற ஒரே வாசகி அவள்தான். நவராத்திரிக்கு மன்னி கூப்பிட்டு வெற்றிலைப் பாக்கு வாங்கிக்கொள்ள வராமல் இருக்க முடியுமா? வருவாள். அண்ணா நாலடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "மன்னி, அவருக்கு சுகர் எப்படி இருக்குன்னு கேளுங்கோ" என்பாள். நான் கேட்பேன். "நார்மல்னு சொல்லு" என்பார் இவர். நான் சொல்வேன். இப்படியே ஐந்து நவராத்திரி ஓடிற்று.

எனக்கு அது ஒருவிதத்தில் வேடிக்கை. இவருக்கு வேடிக்கையில்லை. "நீ, வா, போ" என்று பேசிய தங்கைக்கு 'அவர்' ஆகிப்போனதை இவரால் தாங்க முடியவில்லை. அவள் போன பிறகு அவள் குடித்த காபி டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைப்பார். வேறு எந்த டம்ளரையும் கழுவி நான் பார்த்ததில்லை.

ரிடையர் ஆனதும் வெள்ளிக்கிழமைதோறும் பழைய சாமான் விற்கிற சோர் பஜாருக்குப் போக ஆரம்பித்தார். அப்பாவின் பெட்டி எங்காவது கண்ணில் படாதா என்று எட்டு மாதம் அலைந்தார். படவில்லை. ஆனால் அதே பாட்டு கிடைத்தது, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ரெக்கார்டாக. உறை மேல் பேனாவால் தன் பெயரை எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார் அந்த மனிதர்.

போன சனிக்கிழமை நாலு மணிக்கு வத்சலா வந்தாள். கொலுவைப் பார்த்தாள். குங்குமம் இட்டுக்கொண்டாள். சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோதுதான் பிளேயர் கண்ணில் பட்டது. "இதென்ன மன்னி?" என்றாள். இவர் எழுந்து போய் ரெக்கார்டைப் போட்டார்.

பாட்டு ஆரம்பித்ததும் வத்சலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது வந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஆள்காட்டி விரல் தானாக நீண்டிருந்தது.

ஊசி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த வீட்டில் இல்லவே இல்லாத அந்த வரி, முழுதாக, தெளிவாக, ஹால் நிறைய ஒலித்தது.

வத்சலா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "மன்னி... இது எங்காத்து ரெக்கார்டு இல்லைன்னு அவர்ட்ட சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையைச் செய்ய மறுத்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் அலைந்த மனிதர். எனக்குக் கோபமாக வந்தது. வத்சலா மேல், பிளேயர் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

பாட்டு முடிந்தது. சர்க்... சர்க்...

யாரும் எழவில்லை. என் கையில் வெற்றிலைத் தட்டு. இவருக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. சர்க்... சர்க்... எத்தனை சுற்று சுற்றியதோ, தெரியாது. போனாக இருந்தால் இந்நேரம் அடுத்த பாட்டு தானாக வந்திருக்கும். அதற்கடுத்ததும் வந்திருக்கும். வத்சலா தட்டை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

சர்க்... சர்க்...

"அண்ணா... ஊசி!"

அப்படியே மாமனாரின் அதிகாரம். சொன்னவளே திடுக்கிட்டாள். இவர் முட்டி வலியை மறந்து எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே நின்றார். "இன்னொரு தடவை போடட்டுமாடீ?" என்றார்.

"போடு. இத்தனை மெனக்கெட்டிருக்கியே" என்றாள். சுண்டல் கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "அந்த வரி நன்னாத்தான் இருக்கு."

இரண்டாம் தடவை இரண்டு பேரும் கூடவே பாடினார்கள். பழக்கம் விடுமா? ரெக்கார்ட் அந்த வரியைப் பாட, இவர்கள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். பாட்டு ஒரு பக்கம், அண்ணாவும் தங்கையும் ஒரு பக்கம். நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வத்சலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போனேன். பால் பொங்கி வழிந்ததுகூட உறைக்கவில்லை.

பாய் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். இந்த மல்லுக்கட்டு தேவையா? பாட்டுக்காக என்றால் தேவையில்லை, போனே போதும். ஆனால் ரெக்கார்ட் ஓடுகிற வீட்டில் யாராவது எழுந்தாக வேண்டும். எழாவிட்டால் யாராவது யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். அடுத்த அறையில் இருப்பவருக்கு 'சாப்பாடு ரெடி' என்று வாட்ஸப்பில் செய்தி அனுப்புகிறோமே... சிரமம் குறையக் குறைய, கூப்பிடுவதற்கான காரணங்களும் குறைந்துகொண்டே போகின்றனவோ?

வத்சலா போன பிறகு வாஷிங் மெஷினை மறுபடி போட்டேன். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "டாக்ஸி வந்த அன்னிக்கு ஏன்னா அப்படிச் சொன்னேள்?"

உடனே புரிந்துகொண்டார். "என்னோட பேசலைன்னா நான் தாங்கிப்பேன். உன்னோடயும் பேசலைன்னா, அவ நவராத்திரிக்குக்கூட வரமாட்டாளே" என்றார்.

ஆறு வருஷம். நானும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறேன்.

வச்சு, இதைப் படித்துவிட்டு 'வளவள' என்று சொல்ல எப்படியும் போன் செய்வாய். அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். அன்றைக்கு அந்த ரத்திக்காரனைக் கூப்பிட்டது உன் அண்ணா இல்லை, நான்.