பன்னிரண்டு கட்டமும் ஒரு தாம்பாளமும்

சீலிங் வேலை பார்க்கிறவனுக்குக் கழுத்துதான் வலிக்கும் என்று ஊர் நினைக்கிறது, வலிப்பது தலை. பெயிண்டர், ஆசாரி, எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுகிறவர் என்று அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து பிழைக்கிற சக பாவிகளே, இது உங்களுக்குத்தான் புரியும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுண்ணாம்பு வாளி தூக்கி, ஏணியிலிருந்து இரண்டு தரம் விழுந்து, பேரம் பேசிப் பேசியே ஆளானவன். என் கோபம் காரைக்குடி ஹார்டுவேர் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படிப்பட்டவனை ஒரு சீலிங் உட்காரவைத்துவிட்டது.

கொசுறு

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருப்பவர் செக்காலையில் புது வீடு கட்டினார். செல்போனில் ஒரு படம் காட்டினார். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் கூரை. தேக்கு உத்தரங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓட, நடுவே ஒவ்வொரு கட்டமும் கவிழ்த்த பெட்டி மாதிரி உள்ளே குழிந்திருந்தது. “இதே மாதிரி வேணும்ப்பா” என்றார். அந்தக் கூரை இருபதடி உயரத்தில் இருக்கிறது, உங்கள் ஹால் பத்தடிதான் என்றேன். காதில் வாங்கவில்லை. சரி, ஜிப்சம் போர்டில் செய்து மரக் கலர் அடித்துவிடலாம் என்று முடிவானது. அந்த ஹாலில்தான் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா குன்றக்குடி ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். “சம்பந்தி கண்ணுல இது பட்டுச்சுன்னா மண்டபத்து சீலிங்கும் ஒனக்குத்தான்” என்றார் ஆலைக்காரர். அதுவரை நான் போட்டதெல்லாம் செல்போன் கடையும் பேன்சி ஸ்டோரும். மண்டபம் என்றதும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒன்பது கட்டம் என்று பேச்சு. அவர் ரேட்டைக் குறைக்கச் சொன்னார், நான் முடியாது என்றேன். இரண்டு மணி நேரம் அவரும் எழுந்திருக்கவில்லை, நானும் இறங்கவில்லை. கடைசியில் வீறாப்பாக, “ரேட்டு ரேட்டுதான். வேணும்னா மூணு கட்டம் கொசுறாப் போட்டுத் தாரேன்” என்றேன். ஒரு பைசா விடாமல் ஜெயித்துவிட்ட மிதப்பில் வாசலுக்கு வந்தேன். பதினைந்து வருஷமாக என்னோடு வேலை பார்க்கும் காதர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “அண்ணே, மூணுக்கு மூணுன்னா ஹாலுக்கு நட்ட நடுவுல கட்டம் விழுகும். நாலுக்கு மூணுன்னா நடுவுல உத்தரமுல்ல விழுகும்?”

ஃபேன்

நடுவுல என்னத்தக் கொண்டாந்து வைக்கப் போறாக, சும்மா இருப்பா என்று காதரை அதட்டினேன். முதலில் வந்தது ஃபேன். கான்கிரீட் போடும்போதே ஹாலுக்கு நடுவில் கொக்கி வைத்திருந்தார்கள். என் உத்தரம் அதை மூடிக்கொண்டு ஒரு அடி கீழே இறங்கியிருந்தது. உத்தரத்தைத் துளைத்து ராடை விட்டு, அதற்கும் கீழே ஃபேனை மாட்டினோம்.

வேலை முடிந்த அன்று ஆலைக்காரரின் மைத்துனர் பார்க்க வந்தார். ஆறடிக்கு மேலே ஆள். அண்ணாந்து பார்த்து, “அடேயப்பா!” என்று கையைத் தூக்கினார். ஃபேன் றெக்கை விரலில் தட்டியது. ரெகுலேட்டர் ஒன்றில்தான் இருந்தது, விரல் தப்பியது. கையை உதறிக்கொண்டே அவர் சொன்னது: “சீலிங் அருமையா இருக்கு மச்சான். யாரும் கையத் தூக்கிப் பாராட்டாம மட்டும் பாத்துக்கங்க.”

தலைவலி

குடிவந்த நாலாம் நாள் ஆலைக்காரரின் மனைவி போன் போட்டார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். “தம்பி, மூணு நாளா மண்டையிடி. எங்குட்டு உக்காந்தாலும் உத்தரத்துக்கு அடியிலதான் உக்கார வேண்டியிருக்கு.”

உத்தரத்துக்குக் கீழே உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, பாரம் தலையில் இறங்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நானே என் வீட்டில் பாயை நகர்த்திப் போடுகிற ஆள்தான். ஆனால் ஜிப்சம் போர்டை உத்தரம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஓடிப்போய் ஏணி போட்டு, “வெறும் கூடுக்கா, பாருங்க” என்று டொக் டொக்கென்று தட்டிக் காட்டினேன். அக்கா சோபாவை ஒரு கட்டத்துக்குள்ளும் டிவியை ஒரு கட்டத்துக்குள்ளும் ஏற்கெனவே இழுத்துப் போட்டிருந்தார். தையல் மிஷினுக்கு ஒரு கட்டம். எனக்குச் சுருக்கென்றது. பழைய வீடுகளில் பார்த்ததில்லையா, அங்கே இல்லாத உத்தரமா, அவர்களெல்லாம் வாழவில்லையா என்று ஏணி மேலிருந்தே கத்திவிட்டேன். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “அதான் தம்பி, அவுக எல்லாரும் வீட்டப் பூட்டிட்டு வெளியூருல போயி இருக்காக.”

தட்டு மாற்றியது

நிச்சயதார்த்தத்துக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். காதரும் நானும் கதவோரம் நின்றோம். வாடகை நாற்காலிகளைக் கட்டத்துக்கு இவ்வளவு என்று அக்கா பிரித்துப் போட்டிருந்தார். நடுவே சந்து சந்தாக இடம் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்து மரியாதையாக உட்கார்ந்தார்கள். தட்டு மாற்ற இரண்டு வீட்டாரையும் நடுவுக்குக் கூப்பிட்டார்கள். ஆலைக்காரர் இந்தக் கட்டத்தில், சம்பந்தி அந்தக் கட்டத்தில். பூ, பழம், தேங்காய், பட்டுச்சேலையோடு தாம்பாளம் கிளம்பியது. என் உத்தரத்துக்குக் கீழே வரும் நேரம், “நில்லுங்க!” என்றார் அக்கா.

தாம்பாளம் அந்தரத்தில் நின்றது. “என்னம்மா?” என்றார் சம்பந்தி. “ஒண்ணுமில்லண்ணே. மேல உத்தரம்.” இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். என் வேலையை இத்தனை பேர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! பிறகு எட்டுப் பேர், இரண்டு தாம்பாளம், ஒரு குத்துவிளக்கு எல்லாமாக ஐந்தடிக் கட்டம் ஒன்றுக்குள் இடுக்கிக்கொண்டு, வயிற்றோடு வயிறு முட்டித் தட்டு மாற்றினார்கள். ஒரு தேங்காய் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த சம்பந்தி என் தோளைத் தட்டினார். “வேலை சுத்தமா இருக்கு தம்பி, கொறை சொல்ல முடியாது. ஆனா மண்டபத்துல ஆயிரம் பேரு உக்காருவாக. அம்புட்டுப் பேரையும் கட்டத்துக்குள்ள உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்லப்பா.”

கழற்றியது

கல்யாணத்துக்கு முன்னால் சீலிங்கை எடுத்துவிடச் சொன்னார்கள். வேறு ஆளை விட மனசில்லாமல் நானே ஏணி ஏறினேன். எங்கிருந்து தொடங்குவது என்று ஸ்க்ரூ டிரைவரால் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த காதர் கேட்டார்: “மொதல்ல எந்த மூணக் கழட்டணும்ணே, கொசுறயா?”

பெயிண்ட்

கழற்றிய மறுநாள் ஆலைக்காரர் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். “என்னப்பா, நெல்லுக் காயப்போடுற களத்தத் தலைகீழா மாட்டுன மாதிரி மொட்டையா இருக்கு?” என்றார். சட்டமும் வேண்டாம், போர்டும் வேண்டாம், பெயிண்டிலேயே கட்டம் வரைந்து நிழல் கொடுத்தால் குழிந்த மாதிரி தெரியுமாமே என்று கேட்டார். தெரியும். ஆறு நாள் மல்லாந்து கிடந்து வரைந்தேன். இந்தத் தடவை ஒன்பதுதான். கீழே இறங்கி நின்று பார்த்தால் எனக்கே கை வைத்துப் பார்க்கத் தோன்றியது. மண்டபம் போனது போகட்டும், இதையாவது யாரும் கழற்ற முடியாது என்று முதல் முறையாக மூச்சு விட்டேன்.

அக்கா காபி டம்ளரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை அரை அடி இங்குட்டு இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். “வரைஞ்சதா இருந்தா என்ன தம்பி, உத்தரம் உத்தரம்தான?”

இருபது வருஷமாக நான் ஜெயித்த பேரங்களில், நேராக என் தலையிலேயே வந்து இறங்கியது இந்தக் கொசுறுப் பேரம் ஒன்றுதான்.