ஈரலுக்குள் அத்தி

வியாழக்கிழமை காலையில் எர்மெத்தே ஈரல் நறுக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தாள்போல மெல்லிசாக அரிந்து, பொட்டலத்தை நீட்டுகையில் மிரட்டலாகவே சொல்வார்: "வெங்காயத்தோட மூணு நிமிஷம். நாலாவது நிமிஷம் அது செருப்புத் தோலு."

இத்தாலியில் பாதுவா நகரத்துக்குத் தெற்கே அந்தச் சிற்றூரில் முப்பது வருடமாக அவருடையதுதான் கறிக்கடை. அத்திப்பழப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் கடுகடுத்துவிடும். அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது அத்திமரம் அக்கா நோர்மாவின் பக்கம் போனது. சுவரைத் தாண்டி வந்த கிளையை இவர் கேட்காமல் வெட்டினார். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் செப்டம்பரில் அவள் சுவர்மேல் ஒரு தட்டுப் பழம் வைப்பாள். இவர் தொடமாட்டார், குளவி தின்னும். வியாழன்தோறும் இவர் அவளுக்கென்று கொஞ்சம் ஈரல் எடுத்துவைப்பார். அவள் வரமாட்டாள், பூனை தின்னும். வருகிற திங்கட்கிழமை அவள் மகளோடு இருக்க தூரின் நகரத்துக்கே போகிறாள். அதையும் ஊரார் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

இந்த வியாழன் லத்தீன் டீச்சர் ஃபோஸ்கா வேண்டுமென்றே சீண்டினாள். "சுவர்மேல தட்டு இருக்கே, ஒண்ணாவது தின்னீங்களா?"

"அந்தச் சனியன் புடிச்ச பழம் என் கடைக்குள்ள வந்ததே இல்ல டீச்சர்."

"முப்பது வருஷமா எழுதியே வச்சிருக்கீங்களே." விலைப் பலகையில் ஈரலுக்குச் சாக்கட்டியால் எழுதியிருந்த 'ஃபேகதோ' என்ற இத்தாலியச் சொல்லைக் காட்டினாள். "லத்தீன்ல ஈரலுக்குப் பேரு இயெகுர். ரோமாபுரியில பன்னிக்கும் வாத்துக்கும் அத்திப்பழத்தை, நம்ம ஃபீக்கோவைத் திணிச்சு ஈரலைக் கொழுக்க வச்சாங்க. அத்தி ஊட்டின ஈரல், 'இயெகுர் ஃபிகாதும்'. நாளாக ஆக இயெகுர் உதிர்ந்துபோச்சு, ஃபிகாதும் மட்டும் நின்னுபோச்சு. அதுதான் நம்ம ஃபேகதோ. கிரேக்கன் அதுக்கும் முந்தியே இப்படித்தான் பேரு வச்சான்."

கத்தி பாதியில் நின்றது. எர்மெத்தேவுக்குக் காதுவரை ரத்தம் ஏறியது. "சும்மா சொல்லாதீங்க."

"அகராதியைப் பாருங்க."

"ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்றேனே டீச்சர்." வெட்டுமரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிழைப்பு முழுக்கத் தன் வாயே தன்னை ஏய்த்துவந்தது அவருக்குத் தாங்கவில்லை. அன்று மிச்ச ஈரலைக் கோணல்மாணலாக வெட்டினார்.

மதியம் கடையடைத்ததும், எடுத்துவைத்த பொட்டலத்தோடு நேரே சுவரடிக்குப் போனார். சமையலறை ஜன்னலில் நோர்மா நின்றிருந்தாள். குளவியை ஓட்டிவிட்டு ஒரு பழத்தைத் தோலோடு வாயில் போட்டுக்கொண்டார். அது இருந்த இடத்தில் பொட்டலத்தை வைத்தார். ஏதோ சொல்ல வந்தார், வாய் நிறையப் பழம். ஜன்னலைப் பார்த்து மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்.