சிப்புக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். அங்கே நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது.

மற்ற கருவிகளைச் சோதிப்பதற்கென்றே வெளிநாட்டு மீட்டர் ஒன்று இருந்தது. ஏழெட்டு வருடப் பழசு. சில நாளாக எண்களுக்குப் பதில் கண்டதையும் காட்டிக்கொண்டிருந்தது. தூசிதான் காரணம் என்று நானாக முடிவுகட்டினேன். இன்ஜினியர் லீவில் இருந்த சமயம், ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும் சாக்கில் அதைத் திறந்து, உள்ளிருந்த போர்டை ஸ்பிரிட்டால் கழுவினேன். ஒரு சிப்பின் முதுகில் அழுக்கு லேபிள் ஒட்டியிருந்தது, சுரண்டி எடுத்தேன். அடியில் குட்டிக் கண்ணாடி ஜன்னல். அழகாயிருக்கிறதே என்று ரசித்துவிட்டு, ஈரம் போகட்டுமென்று வத்தல் காயவைப்பது போலப் போர்டை ஒரு வாரம் மாடி வெயிலில் வைத்தேன்.

திரும்ப மாட்டினால் மீட்டர் செத்துக் கிடந்தது.

இன்ஜினியர் வந்து பார்த்தார். எதை எப்படி அளப்பது என்பதெல்லாம் அந்தச் சிப்பின் நினைவில்தான் இருந்ததாம். வயதாகி ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்த நினைவை, ஜன்னல் வழியே புகுந்த வெயில் மொத்தமாக அழித்துவிட்டது.

"லேபிளை யாரு எடுத்தது?"

பொய் சொல்லிவிடலாமா என்று தோன்றியது உண்மை. "நான்தான் சார்."

"புதுச் சிப்பு வரட்டும். அது வேலை செஞ்சா நீங்களும் இருப்பீங்க. இல்லாட்டி என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

இதே மீட்டர் இருந்த வேறோர் ஆலையில் அதன் சிப்பின் நினைவை நகலெடுத்து, பத்து நாள் கழித்துச் சிப் வந்தது. பழையதை நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினேன். ஸ்விட்சைப் போட்டதும் எண்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அழுதுவிட்டேன்.

"அழுவுறது இருக்கட்டும், மொதல்ல ஜன்னல மூடுங்க," என்றார் இன்ஜினியர். டேப் வாங்கலாமென்றால் ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நெற்றியிலிருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

பெரம்பலூர் பஸ் பிடித்து அப்படியே வீட்டுக்குப் போனால், மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, வெறும் நெத்தியோட வூட்டுக்கு வர?"

"மெஷினுக்கு வச்சுட்டேன் அத்தை."

அவர் கடைசிவரை அதை நம்பவில்லை.

வேலை நிரந்தரமானது. அந்த மேசையையும் ஸ்பிரிட் வாசனையையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எல்லாரும் அந்த மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் மட்டும் வைக்க மாட்டேன். என் பொட்டு உள்ளே இருந்தது.