உபவாச நாளில் நான் கொடுத்த மாத்திரை

என் புருஷனைச் சாகக் கிடத்தியவள் நான்தான். அதைச் சபையார் முன்னால் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். நடுவில் அழுதால் யாரும் தண்ணீர் கொண்டுவர வேண்டாம். அழுதுகொண்டே சொல்லி முடித்துவிடுவேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். நாங்கள் ஏரிக்குள் இருக்கிற குப்பத்தில் இருந்தோம். பழவேற்காட்டுக்குப் போவதென்றாலும் படகுதான். அதற்கு முந்தின வருஷம் அவருக்குக் காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. பொன்னேரிக்குப் போய்க் காட்டினோம். சர்க்கரை வியாதி என்று சொல்லி, காலையில் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பக்கம் வருகிற நர்சம்மா என்னை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னார்: "மாத்திரைய போட்டா அரை மணிக்குள்ள சாப்புட்டுடணும். ஒரு நாளும் தவறக்கூடாது."

நான் வாய்க்காரி, பிடிவாதக்காரி. ஒரு நாளும் தவறக்கூடாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மழையோ புயலோ, விடிந்ததும் மாத்திரையோடு அவர் முன்னால் நிற்பேன். "போலீஸ்காரி வந்துட்டாடா" என்று சிரிப்பார். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் விழுகிற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட முடியாது. குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வரும். நாங்கள் இரட்சிக்கப்பட்ட பிறகு, எங்கள் முறை வருகிற நாளில் வலை ஏறும்வரை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை என்று பொருத்தனை செய்திருந்தோம். அன்றைக்கும் உபவாசம். மாத்திரையையும் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

காற்று மாறி, வலை ஏற நேரமாகிவிட்டது. உச்சி வேளைக்குக் கொழுந்தன் மோசே அவரைத் தோளில் சாய்த்துக் கரைக்குக் கொண்டுவந்தான். சட்டை தொப்பலாக நனைந்து வியர்வை. கை நடுங்குகிறது. வாயில் வராத கெட்ட வார்த்தையெல்லாம் வருகிறது.

"அண்ணி, அண்ணன் மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாரா இன்னா?" என்றான் மோசே.

வாயை மோந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை. அப்படியானால் சர்க்கரை ஏறிவிட்டது என்று நானே டாக்டராகி முடிவு கட்டினேன். இன்னொரு மாத்திரையை எடுத்து, அவர் தலையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கவைத்தேன். ஐயோ, இந்தக் கைதான்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. கண் செருகியது. உடம்பு சில்லிட்டது. கூப்பிட்டேன், உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன். அசைவில்லை. மணலில் முகங்குப்புற விழுந்து கத்தினேன்: "இயேசப்பா, இன்னா பாவம் பண்ணோம் நாங்க? உனக்குத்தானே பட்டினி கெடந்தாரு! யாரையாச்சும் அனுப்பு!" அதை ஜெபம் என்று சொல்லக்கூடாது. சண்டை பிடித்தேன்.

நான் எழுந்திருப்பதற்குள் ஒரு படகு கரை தட்டியது. அடுத்த குப்பத்துக் குழந்தைகளுக்கு ஊசி போடப் போன அதே நர்சம்மா. அலை தாங்காமல் படகுக்காரர் எங்கள் கரையில் ஒதுக்கிவிட்டார். நர்சம்மா பெட்டியோடு ஓடிவந்தார்.

"காலைல இன்னா சாப்ட்டாரு?"

"ஒண்ணுமில்லம்மா, உபவாசம்."

"மாத்திரை?"

"போட்டாரும்மா."

"எத்தினி?"

"ஒண்ணு" என்றேன்.

தேவன் அனுப்பின ஆளிடமே பொய் சொன்னேன். என்னைக் கொலைகாரி என்பார்களோ என்கிற பயம்.

தண்ணீர் ஊற்றப்போன என்னை, நினைவில்லாதவர் வாயில் ஊற்றக்கூடாது என்று அதட்டினார். "சாப்புடாம மாத்திரை போட்டதுல சர்க்கரை எறங்கிப்போச்சு" என்று என் புருஷனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையைக் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். நெடுநேரம் கழித்து என் புருஷன் கண் திறந்தார். கஞ்சியும் குடித்தார். குப்பமே ஸ்தோத்திரம் சொன்னது. நர்சம்மா பெட்டியை மூடப் போனார். அப்போது என் புருஷனுக்கு மறுபடியும் வியர்த்தது.

"கஞ்சி குடிச்சும் சர்க்கரை எறங்குதே" என்று நர்சம்மா என் முகத்தையே பார்த்தார். "உண்மைய சொல்லு."

கர்த்தாவே, என் வாயைத் திற என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். "ரெண்டும்மா. நான்தான் குடுத்தேன்" என்று நர்சம்மா காதோடு சொன்னேன். அவர் திட்டவில்லை. "படக எடு. இப்பவே ஆஸ்பத்திரி" என்றார். வழியெல்லாம் சர்க்கரை தடவிக்கொண்டே வந்தார். பொன்னேரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

உயிர் வந்தது. ஆனால் வலது கை பழையபடி வரவில்லை, பேச்சும் இழுக்கிறது. அதன் பிறகு அவர் ஏரியில் வலை போடவில்லை. பாடு நாளில் எல்லாரும் படகு தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். உபவாசத்தால் வந்த மயக்கம் என்றே அவர் நம்பினார். நானும் வருஷக்கணக்காக வாயைத் திறக்கவில்லை.

இப்போது எங்கள் குப்பத்தில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போகிறேன். சோற்றைக் கண்ணால் பார்த்த பிறகு மாத்திரையை எடுங்கள், உபவாசம் இருப்பதானால் முதலில் டாக்டரைக் கேளுங்கள், வியர்த்து உளறினால் சர்க்கரையைக் கொடுங்கள் என்று சண்டை போட்டாவது சொல்கிறேன். ஆனாலும் என் நெஞ்சு ஆறவில்லை. போன மாதம் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாத்திரையைத் தம்பி கையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். என் ஜீவன் போனது போலிருந்தது.

சகோதரிகளே, மூடி வைத்த பாவம் இருந்தால் கர்த்தரிடம் கொண்டுவாருங்கள். சண்டை பிடித்தாவது கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நான் சாட்சி.

மூன்றாம் நாள் காலையில் என் புருஷன் தட்டில் இருந்த இட்லியைத் தின்று முடித்தார். மோசே மாத்திரையோடு வந்தான். அவனைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, வராத அந்த வலது கையை இழுத்து இழுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீயே குடுமே" என்றார்.